ஆயில் எந்த வழியாகக் குறைகிறது? ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஒன்றைச் சோதித்த பதிவு

காற்றால் குளிரும் 150 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். ஒரு சிலிண்டர், இரண்டு வால்வுகள், கார்புரேட்டர், ஹெட்டின் மேலே சுழலும் கேம், ஒரு லிட்டர் ஆயில். ஓட்டத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. இழுவை இருந்தது, சத்தம் சீராக இருந்தது, குளிர்ந்த நிலையிலும் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆயில் மட்டும் நிற்கவில்லை. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவில் ஊற்றாமல் விட்டால், டிப்ஸ்டிக்கின் (ஆயில் மட்டம் காட்டும் குச்சி) கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கிவிடும் நிலை. புகை தள்ளினால் ரிங், தள்ளாவிட்டால் லீக் என்று பட்டறைகளில் ஒரு சூத்திரம் உண்டு. அது பல நேரங்களில் பலிக்கும். பலிக்காத நேரங்களில்தான் நல்ல சிலிண்டர்கள் தேவையில்லாமல் ரீபோருக்கு, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கும் வேலைக்கு, போகின்றன. ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், ஆயில் எந்த வழியாகப் போகிறது என்பதை ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்த்துத் தீர்மானிப்பது என்று முடிவு செய்தேன்.

வழிகள் சிலவே. கேஸ்கட்டோ சீலோ தளர்ந்து வெளியே கசியலாம். வால்வுத் தண்டுக்கும் அது ஏறி இறங்கும் குழலான கைடுக்கும் இடையில் மேலிருந்து இறங்கி எரியலாம். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழிருந்து ஏறி எரியலாம். இன்ஜினின் உள்காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கார்புரேட்டர் வழியே சிலிண்டருக்குள் வந்து சேரலாம். ஹெட் கேஸ்கட்டில் ஆயில் பாதைக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட பகுதி விட்டுக்கொடுத்தாலும் ஆயில் எரியும். ஆனால் அது அரிது. இவற்றில் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் சிறிது சிறிதாக நடப்பதும் உண்டு என்பதால், ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு வேண்டும். "நிறையக் குறைகிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்த டிப்ஸ்டிக்கும் பயன்படாது. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் மேலிருந்து வடிந்து இறங்க மூன்று நான்கு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல், வாயில் வைத்த நிலையில்தான் பார்க்க வேண்டும். முழுக்கத் திருகிப் பார்க்கச் சொல்லும் மாடல்களும் இருக்கின்றன. மறையின் நீளம் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், ஒரு லிட்டர் கொள்ளும் சிறிய சம்ப்பில் (ஆயில் தேங்கும் அடிப்பகுதி) அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய அளவாகிவிடும். கையேட்டைத் திறந்து எந்த முறை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

டிப்ஸ்டிக் ஓர் எச்சரிக்கைக் கருவி. கணக்குக்கு அது போதாது. அதனால் பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு, அளவுக் குடுவையில் அளந்து 1000 மி.லி. ஊற்றினேன். இடையில் சேர்த்ததையும் அளந்தே சேர்த்தேன். 1000 கி.மீ. ஓடிய பிறகு, முன்பு வடித்த அதே சூட்டில், அதே நிலையில், அதே நேரம் வடியவிட்டு, வந்ததை மறுபடி அளந்தேன். வடிக்கும்போது எப்படியும் கொஞ்சம் ஆயில் உள்ளே தங்கும். இரண்டு முறையும் ஒரே மாதிரி வடித்தால் தங்கும் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், கணக்கில் பிழை வராது. உள்ளே போனது மொத்தம் 1150 மி.லி., வெளியே வந்தது 860 மி.லி. ஆக 1000 கி.மீ.க்கு 290 மி.லி. குறைகிறது. 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று கையேட்டில் எழுதும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நான்கு லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் பெரிய இன்ஜினுக்கு எழுதிய வரி அது. ஒரு லிட்டரே கொள்ளும் இன்ஜினில் கால் பங்குக்கு மேல் காணாமல் போவதை அந்த வரியைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

அளக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடிக்கடி சோக் போட்டு, இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்திவிடும் குறுகிய ஓட்டங்களில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். கார்புரேட்டரின் ஃபுளோட் ஊசி சரியாக மூடாவிட்டாலும் இதுவே நடக்கும். அப்போது ஆயில் குறைவதும் பெட்ரோல் கூடுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மட்டம் அப்படியே இருப்பதாகத் தோன்றும். பிறகு ஒரு நீண்ட ஓட்டத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போனதும் மட்டம் திடீரென்று சரியும். ஒரே பயணத்தில் ஆயில் எல்லாம் போய்விட்டது என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு இதுவே காரணமாக இருக்கும். வடித்த ஆயிலில் பெட்ரோல் வாசனை இல்லை, விரல்களுக்கிடையில் வழுக்கலும் குறைந்திருக்கவில்லை. இந்த ஐயத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

அடுத்து வெளிக் கசிவு. அழுக்குப் படிந்த இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவதால், ஈரம் தெரியும் இடம் ஒன்றாகவும் ஊறும் இடம் வேறாகவும் இருக்கும். டீசலும் பிரஷும் கொண்டு முழுவதும் கழுவி, உலர்த்தி, சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லத் தூவி ஓட்டினேன். பவுடர் ஆயிலைப் பட்டவுடன் கருத்துக் கோடு காட்டிவிடும். டேப்பட் கவர், சிலிண்டரின் அடிக் கேஸ்கட், மேக்னட் பக்க சீல், கிளட்ச் கவர், வடிபோல்ட்டின் வாஷர் ஆகிய இடங்கள் எல்லாம் உலர்ந்திருந்தன. முன் ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் இருக்கும் சீலைக் கவரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அங்கே கசியும் ஆயிலைச் செயினுக்கு அடித்த எண்ணெய் என்று நினைத்து விட்டுவிடுவது வழக்கம். இந்த இன்ஜினில் அதுவும் நன்றாகவே இருந்தது. கியர் லீவர் தண்டின் சீலில் மட்டும் பவுடர் நனைந்திருந்தது. இரவில் அடியில் விரித்த வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பொட்டு. சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மி.லி. என்று கொண்டால், 290 மி.லி. என்பது ஏறக்குறைய 5800 சொட்டு. அவ்வளவும் வெளியே சொட்டியிருந்தால் இன்ஜினின் அடிப்பகுதி முழுவதும் நனைந்து பின்சக்கரம் வரை தெறித்திருக்கும். கசிவு உண்மை, ஆனால் காணாமல் போன ஆயிலுக்கு அது பதில் ஆகாது.

பிரீதர் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், செய்வதோ எளிது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் விட்டு, குப்பியைச் சட்டத்தில் கட்டிவிட வேண்டும். காற்று வெளியேற குப்பி மூடியில் ஒரு துளை இருக்கட்டும். பெட்டியில் திறந்து கிடக்கும் வாயை மறக்காமல் அடைக்க வேண்டும். இல்லையென்றால் வடிகட்டாத தூசி நேராக உள்ளே போகும். அதே 1000 கி.மீ. ஓட்டத்தில் குப்பியில் சேர்ந்தது 15 மி.லி. அளவு, அதிலும் பெரும்பகுதி பால்போல் வெளுத்த நீர்க்கலப்பு. பிரீதரில் ஆயில் அதிகமாக வந்தால் முதலில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே ரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளிருந்து காற்று குப்குப்பென்று அடிப்பதைக் காட்டி "ரிங் போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க் அறையின் காற்று அழுந்தத்தான் செய்யும். புதிய இன்ஜினிலும் அந்த அடிப்பு இருக்கும். இடைவிடாமல் சூடான புகை வந்தால் மட்டுமே அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி வரவில்லை.

எஞ்சியவை வால்வு வழியும் ரிங் வழியும். இனிமேல் புகை பேச வேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதி. குளிரில் தோன்றிச் சூடானதும் மறையும் வெண்மை நீராவி. நீலம் கலந்த சாம்பல் நிறமும், மூக்கில் ஒட்டும் கருகல் வாசனையும்தான் ஆயில். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் ஒருமுறை குபீரென்று தள்ளி நின்றுவிட்டால் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கித் தேங்கியிருக்கும். பாரமேற்றி முறுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங்கைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டுமே இல்லை. நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை முழுக்க மூடி இறங்கிவிட்டு, கீழே வந்து மறுபடி திறக்கும்போது மட்டும் பின்னால் வருபவரின் கண்ணில் படும்படி ஒரு நீலப் படலம் எழுந்தது. வழக்கமான விளக்கம் இதை வால்வு கைடின் கணக்கில் எழுதும்: த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பாதையில் வெற்றிடம் கூடுகிறது, அது தண்டைச் சுற்றியுள்ள ஆயிலை உறிஞ்சுகிறது. சரியான விளக்கம்தான், ஆனால் பாதி. அதே நேரத்தில் சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே போய்விடுகிறது. பிஸ்டனுக்கு அடியில், கிராங்க் அறையில், ஏறக்குறைய வளிமண்டல அழுத்தமே இருக்கிறது. கீழிருந்து மேலே ஆயிலைத் தள்ள அந்த வேறுபாடு போதும். ஆகவே இறக்கத்தில் வரும் புகை இரண்டு வழிகளுக்கும் பொது. அதை வைத்து ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு சீலை மாற்றிவிட்டு, புகை நிற்கவில்லையே என்று வியப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள்.

கம்ப்ரஷன் பார்த்தேன். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், கேஜின் முள் மேலே ஏறுவது நிற்கும் வரை உதைக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 11.5 கிலோ காட்டியது. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது 12. ஆயில் விட்டதும் அளவு பெரிதாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள், இங்கே ஏறவில்லை. (கேமிலேயே டிகம்ப்ரஷன் அமைப்பு உள்ள இன்ஜின்களில், கிக்கர் வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வு சற்றே திறந்திருப்பதால், கேஜ் குறைவாகவே காட்டும், அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த இன்ஜினில் அது இல்லை.) பிறகு லீக் டவுன் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பது அது. காற்றைத் திறக்கும் முன் கியரில் போட்டுப் பின் பிரேக்கைக் கட்டிவிட வேண்டும். கிராங்க் போல்ட்டில் ரெஞ்ச் மாட்டியபடியே காற்றைத் திறந்தால் பிஸ்டன் இறங்கும் வேகத்தில் ரெஞ்ச் கையை உடைத்துவிடும். ஒழுக்கு 8 சதவீதம். சைலன்சரில் காதை வைத்தால் சத்தம் இல்லை. கார்புரேட்டர் வாயிலும் இல்லை. ஆயில் மூடித் துளையில் மட்டும் மெல்லிய இரைச்சல். பத்துக்குள் இருந்தால் ஆரோக்கியமான இன்ஜின் என்றே கொள்வார்கள்.

இந்த எண்களைப் பார்த்து ரிங்கை விடுவித்துவிட்டால் வழக்கு முழுவதும் வால்வு சீலின் தலையில் விழும். ஆனால் இந்த இரண்டு சோதனைகளும் விசாரிப்பது மேலே உள்ள இரண்டு கம்ப்ரஷன் ரிங்குகளைத்தான். எரியும் வாயு அந்த ரிங்குகளின் பின்பக்கம் புகுந்து அவற்றைச் சுவரோடு அழுத்துகிறது. அதனால் ஓரளவு தேய்ந்தாலும் அவை வாயுவைத் தாங்கும். மூன்றாவதாக இருக்கும் ஆயில் ரிங்குக்கு அந்த உதவி இல்லை. இரண்டு மெல்லிய தகடுகளும், அவற்றை வெளியே தள்ளும் ஒரு விரிப்பானும் சேர்ந்தது அது; தன் சொந்த விறைப்பால் மட்டுமே சுவரை வழிக்கிறது. அது முற்றிலும் செயலிழந்தாலும் கம்ப்ரஷன் கேஜ் காட்டும் அளவு குறையாது. எனவே நல்ல கம்ப்ரஷன் என்பது ஆயில் ரிங்குக்குக் கொடுக்கும் நற்சான்று அல்ல. இந்த இன்ஜினில் நான் தேடிக்கொண்டிருந்த வேறுபாடு இந்த இடத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

ஹெட்டைக் கழற்றாமல் இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டும் தடயங்கள் உண்டா? உண்டு. அவை எண்ணில் வராமல் கண்ணுக்குத் தெரிபவை. முதலில் ஸ்பார்க் பிளக். நடு எலெக்ட்ரோடு வெளிர் பழுப்பாகவே இருந்தது. ஆனால் மறைகளைச் சுற்றிலும் எண்ணெய்க் கறுப்பு சம அளவில் படிந்திருந்தது. இன்டேக் வால்வு சீல் ஒழுகினால் பெரும்பாலும் அந்த வால்வை நோக்கிய ஒரு பக்கம் மட்டும் நனைந்திருக்கும். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, டார்ச் அடித்து இன்டேக் வால்வின் முதுகைப் பார்த்தேன். சீல் ஒழுகும் இன்ஜினில் அங்கே தாரைப் போலத் தடித்த, ஈரமான கரி வளர்ந்திருக்கும். இங்கே காய்ந்த மெல்லிய படலம் மட்டும். கடைசியாக, பிளக் துளை வழியே கேமராக் குழலை விட்டுப் பிஸ்டனின் தலையைப் பார்த்தேன். நடுவில் கறுப்பான, உலர்ந்த கரி. விளிம்பிலோ, சுற்றிவர சில மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரியே இல்லை. அலுமினியம் கழுவி விட்டதுபோல் ஈரமாக மின்னியது. கீழிருந்து சுவர் வழியாக ஏறும் ஆயில் விளிம்பில் கரி ஒட்டவிடாமல் கழுவிக்கொண்டே இருப்பதால் வரும் வளையம் அது. மேலிருந்து, வால்வு வழியாக இறங்கும் ஆயில் இப்படி முழு வட்டத்தை வரையாது. கேமராக் குழல் இன்று யாருக்கும் எட்டும் கருவி. கம்ப்ரஷன் கேஜை வாங்குவதற்கு முன் அதை வாங்கலாம் என்பது என் கருத்து.

ஆயில் ரிங் கரியில் சிக்கியிருந்தால், பிரிக்காமலே கரைக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியாக ஊற்றி ஒரு இரவு ஊறவிடும் முறை ஒன்று இருக்கிறது. சில நேரம் பலன் தரும். செய்பவர்கள், மிஞ்சிய திரவம் பிஸ்டன் மேலேயே நிற்கக்கூடும் என்பதால் பிளக்கைக் கழற்றிய நிலையிலேயே இன்ஜினைச் சுழற்றி வெளியேற்ற வேண்டும். கீழே இறங்கியது ஆயிலில் கலந்திருக்கும் என்பதால் ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். 290 மி.லி. குறையும் நிலையில், ரிங்கின் பின்னால் இருக்கும் துளைகளும் அடைத்திருக்கும் என்று கருதி, நான் இன்ஜினைத் திறப்பதையே தேர்ந்தெடுத்தேன்.

பிரித்த விவரம் எல்லாக் கையேடுகளிலும் இருப்பதுதான்: டைமிங் செயின் டென்ஷனரை முதலில் எடுப்பது, செயின் உள்ளே விழாமல் கம்பியால் கட்டுவது, ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்துவது. ஹெட்டில் வால்வு சீல்களின் ரப்பர் இறுகித்தான் இருந்தது, நகம் அழுந்தவில்லை. ஆனால் கிழிவோ விரிசலோ இல்லை. இன்டேக் வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் இடைவெளி 0.03 மி.மீ.; இந்த இன்ஜினின் கையேடு அனுமதிக்கும் எல்லை 0.08. போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வைத்தபோது வால்வு வழியே சொட்டவில்லை. ஹெட் குற்றமற்றது.

சிலிண்டரை மெல்ல உயர்த்தியதும், கிராங்க் அறையின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டே பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பைத் தொட்டேன். அது தெறித்து உள்ளே விழுந்தால் வேலை இரு மடங்காகும். பிஸ்டனைக் கையில் எடுத்ததும் விடை தெரிந்தது. மேல் இரண்டு ரிங்குகளும் விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் துள்ளி வெளியே வந்தன. ஆயில் ரிங்கின் தகடுகள் பள்ளத்தின் விளிம்போடு விளிம்பாகப் பதிந்து, நகத்தால் நெம்பியும் அசையவில்லை. ஒரு தகட்டை நெம்பி நெம்பி எடுக்க வேண்டியிருந்தது; விரிப்பானின் அலைகளுக்கிடையே கல் போல் இறுகிய கரி. பள்ளத்தின் அடியில், வழித்த ஆயிலைப் பிஸ்டனின் உட்புறத்துக்கு வடிக்கும் சிறு துளைகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. எக்ஸாஸ்ட் பக்கத் துளைகள் எங்கே இருக்கின்றன என்பதையே தேடித்தான் கண்டுபிடித்தேன். தரையின் நீரை எவ்வளவு வழித்துத் தள்ளினாலும் வடிகால் அடைத்திருந்தால் நீர் திரும்பி வருவதைப் போன்றது இது. தகடு அசைந்திருந்தாலும், வழித்த ஆயில் போவதற்கு இடமில்லாமல் மேலேதான் ஏறியிருக்கும். ஆகவே துளைகளைத் திறக்காமல் புது ரிங் மட்டும் போட்டால் புகை குறைந்ததாகத் தோன்றிச் சில காலத்தில் திரும்பிவிடும்.

ரீபோர் வேண்டுமா என்பதை அளந்தே முடிவு செய்ய வேண்டும். போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், பின்னுக்கு இணையாகவும் குறுக்காகவும் இரண்டு திசைகளிலும் அளந்தேன். அதிகபட்சத் தேய்வு 0.02 மி.மீ., வட்டம் கோணியது 0.01. பிஸ்டனைப் பின்னுக்குக் குறுக்காக, கையேடு சொல்லும் உயரத்தில் அளந்ததில், சிலிண்டரோடு இடைவெளி 0.04, எல்லை 0.10. பழைய மேல் ரிங்கைப் பிஸ்டனின் தலையால் நேராக உள்ளே தள்ளி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டபோது முனை இடைவெளி 0.28. சுவரில் ஹோனிங் கோடுகள் (ஆயில் தங்குவதற்காகக் கல்லால் தீட்டிய குறுக்குக் கோடுகள்) மங்கலாக இன்னும் தெரிந்தன. நெடுக்குக் கீறல் எதுவும் நகத்தில் தட்டவில்லை. ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி புகுந்த இன்ஜினாக இருந்தால் சுவர் மங்கி நெடுக்காகக் கீறியிருக்கும், ரிங்கின் முகம் வெள்ளியாகத் தேய்ந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. 0.25 மி.மீ. பெரிய பிஸ்டனுக்காக இந்தச் சிலிண்டரைக் கடைந்திருந்தால் நல்ல உலோகத்தை வெட்டி எறிந்ததாகவே ஆகியிருக்கும்.

தேயாத இன்ஜினில் ரிங் ஏன் சிக்கியது? ஆயில் மாற்றும் இடைவெளி நீண்டதும், மட்டம் குறைந்தபடியே ஓடியதும்தான் முதல் காரணம் என்று கருதுகிறேன். காற்றால் குளிரும் இன்ஜினில் ஆயிலும் குளிர்விக்கும் வேலையைச் செய்கிறது. அளவு குறைந்தால் எஞ்சியது அதிகம் சூடாகும். சூடான ஆயில் ரிங் பள்ளத்தில் கருகும். கருகினால் வழிப்பது குறையும். வழிப்பது குறைந்தால் ஆயில் இன்னும் குறையும். ஆயிலின் ஆவியாகும் தன்மைக்கும் பங்கு உண்டு. நோவாக் சோதனையில் ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்க்கிறார்கள்; அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்எல் தரத்திலிருந்து 15 சதவீதமே உச்சவரம்பு. தடித்த ஆயிலுக்கு மாறினால் குறைவது சற்றுத் தணியும் என்பது உண்மை. ஆனால் 10டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சிக்கிய ரிங் விடுபடாது. அறிகுறி மட்டும் மங்கும். தரத்தைத் தேடும்போது, கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டிக்கு ஜப்பானின் ஜாசோ தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிஸ்டனைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, துளைகளைக் கையால் திருகிய சிறு டிரில் பிட்டால் திறந்தேன். துளையைப் பெரிதாக்காத அளவு பிட்டாக இருக்க வேண்டும். பள்ளத்தின் கரியை உடைத்த பழைய ரிங் துண்டால் சுரண்டலாம், அலுமினியத்தைச் செதுக்காத வரை. சிலிண்டரின் உள்ளே வார்ப்பிரும்பு லைனர் என்பதால், புது ரிங் பிடிப்பதற்கு ஹோனிங் கருவியை லேசாக ஓட்டிக் குறுக்குக் கோடுகளைப் புதுப்பித்தேன். நிக்கசில் என்ற கடினமான நிக்கல் கலப்புப் பூச்சுள்ள சிலிண்டரில் இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. ஹோனிங்குக்குப் பிறகு பெட்ரோலில் கழுவுவது போதாது. அது ஆயிலைக் கரைக்கும், கல்தூளை அகற்றாது. வெந்நீரும் சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். கழுவிய கையோடு ஆயில் பூச வேண்டும். வெறும் வார்ப்பிரும்பில் சில நிமிடங்களில் துரு பூத்துவிடும்.

ரிங் மாட்டுவதில் ஆயில் ரிங்குக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். விரிப்பானின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் விறைப்பு போய்விடும், புது ரிங் போட்ட நாளிலிருந்தே புகை தள்ளும். தகடுகளின் வாய்களை விரிப்பானின் வாயிலிருந்து விலக்கி இரு பக்கமும் வைத்தேன். மேல் ரிங்குகளில் எழுத்துப் பொறித்த முகம் மேலே பார்க்க, வாய்களை 120 டிகிரி இடைவெளியில் திருப்பினேன். ஹெட் திறந்திருக்கும்போது வால்வு சீலைப் பழையபடியே விட்டு மூடுவதில் பொருளில்லை என்பதால் அவற்றையும், இரண்டு கேஸ்கட்டுகளையும், சர்க்ளிப்புகளையும் புதிதாகப் போட்டேன். டைமிங் குறிகள் சேர்ந்த பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, எதுவும் முட்டவில்லை என்று பார்த்துவிட்டே உதைத்தேன்.

முதல் சில நிமிடங்கள் வந்த புகை, பூட்டும்போது பூசிய ஆயில்தான். ஐட்லிங்கில் நெடுநேரம் விட்டால் ரிங் பிடிக்காமல் சுவர் பளபளப்பேறிவிடும் என்பதால், உடனே சாலைக்கு எடுத்துச் சென்று, த்ராட்டிலை மிதமாகத் திறப்பதும் முழுக்க மூடி வேகம் குறைய விடுவதுமாக மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதைத் தவிர்த்தேன். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டேன்.

அதே அளவு முறையில் அடுத்த 1000 கி.மீ.யில் குறைந்தது 70 மி.லி.; அதற்கடுத்த 1000 கி.மீ.யில் 30 மி.லி. இறக்கத்துக்குப் பின் எழும் நீலப் படலம் இல்லை. கேமராக் குழலில் பார்த்தபோது பிஸ்டன் விளிம்பில் உலர்ந்த கரி மெல்லியதாகப் படியத் தொடங்கியிருந்தது. கியர் லீவர் தண்டின் சீலையும், அது தனியாக வெளியிலிருந்தே மாற்றக்கூடியது என்பதால், இடையில் மாற்றிவிட்டேன். பிரீதர் குப்பியைக் கழற்றிக் குழாயை ஏர் ஃபில்டர் பெட்டியோடு மறுபடி இணைத்தாயிற்று. ஆயில் மாற்றும் இடைவெளியைக் கையேடு சொல்வதைவிடக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வடித்ததை அளந்து எழுதி வைக்கிறேன். 1000 கி.மீ.க்கு 100 மி.லி.யைத் தாண்டினால் மறுபடி பிளக் துளையிலிருந்து தொடங்குவேன்.